அசோலா மட்டும் போட்டு மீன் வளர்க்க முடியுமா?

ஜூன் 14, 2021 – கேள்வி

"திருத்துறைப்பூண்டி பக்கம் 30 சென்டில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறேன். இதுதான் முதல் முறை. ஊரடங்கு தளர்ந்ததும் குஞ்சு விடலாம் என்று இருக்கிறேன். கடையில் விற்கும் மிதவைத் தீவனம் எனக்குக் கட்டுப்படி ஆகாது. தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற குட்டிச் செடியை மட்டும் போட்டே கட்லா, ரோகு மீன்களை வளர்த்துவிடலாம், தீவனச் செலவே கிடையாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

ஜூன் 14, இரவு

செய்திருக்கிறேன் தம்பி. மன்னார்குடிக்குத் தெற்கே எனக்கு ஒன்றரை மா குளம், அதாவது 50 சென்ட். கரையில் அசோலா தொட்டி ஐந்து இருக்கிறது. ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்கு ஆறு அடி, செங்கல் அடுக்கி மேலே தார்ப்பாய் விரித்தது. போன வருடம் தினமும் அள்ளிப் போட்டேன், மீனும் நன்றாகவே வந்தது. அசோலாவை மட்டுமே நம்ப வேண்டாம். ஆனால் தீவனத்தில் பாதி வரைக்கும் அதில் ஓட்டிவிடலாம்.

ஜூன் 15, காலை

நேற்று பாதி என்று எழுதியது இரவெல்லாம் உறுத்தியது. எடை போட்டா சொன்னேன்? இல்லை. போன வருடம் மீன் வளர்ந்தது, அசோலாவும் போட்டேன், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன்.

இன்று காலை ஐந்து தொட்டியிலும் அன்றாடம் எடுக்கிற அளவு எடுத்து, தண்ணீரை நன்றாக வடித்து, தராசில் வைத்தேன். ஆறரை கிலோ வந்தது. அதில் ஒரு கிலோவை மட்டும் தனியாக நிழலில் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்த பிறகு எழுதுகிறேன், அதுவரை பாதிக் கணக்கை நம்பித் தொட்டி கட்ட வேண்டாம்.

ஜூன் 18

அந்த ஒரு கிலோ காய்ந்து 65 கிராம் ஆகிவிட்டது. பழைய செய்தித்தாளில் விரித்திருந்தேன். முதல் நாள் தாள் முழுக்க பச்சையாக இருந்தது. இன்று காலை உள்ளங்கையில் அள்ளினால் தேயிலைத் தூள் மாதிரி உதிர்கிறது.

அப்படியானால் ஆறரை கிலோ பச்சை அசோலா என்பது 420 கிராம் காய்ந்த சரக்கு. காய்ந்த அசோலாவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம் என்று வைத்தால் 100 கிராம் புரதம். கால் கிலோ கடலைப் புண்ணாக்கிலும் அதே அளவு இருக்கிறது. ஐந்து தொட்டி, சாணிக் கரைசல், சூப்பர் பாஸ்பேட், வெயிலுக்குக் கீற்றுப் பந்தல், தினமும் ஒரு மணி நேர வேலை எல்லாம் சேர்ந்து கொடுப்பது கால் கிலோ புண்ணாக்கை.

என் குளத்தில் மீன் மொத்த எடை 400 கிலோவைத் தொடும்போது, அதில் நூற்றுக்கு இரண்டு வீதம் தினம் 8 கிலோ காய்ந்த தீவனம் வேண்டும். அசோலா அதில் இருபதில் ஒரு பங்குதான் வருகிறது. பாதி என்று நான் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று பாருங்கள்.

வீடியோவில் "அசோலாவில் 25 சதவீதம் புரதம்" என்று சொல்வது பொய்யில்லை. காய்ந்த பிறகுதான் 25. பச்சையாக அள்ளும்போது நாம் தூக்குவது பெரும்பாலும் தண்ணீர்.

ஜூன் 20

தம்பி தனிச்செய்தியில் கேட்டது: "அப்போ போன வருடம் உங்கள் மீன் எதைத் தின்று வளர்ந்தது?"

சரியான கேள்வி. இரண்டு நாளாக அதையேதான் யோசிக்கிறேன். போன வருடம்தான் மாடு இரண்டு வாங்கினோம். சாணியைக் குளத்தின் மூலையில் கொட்ட ஆரம்பித்ததும் போன வருடம்தான். அசோலாவுக்குக் கொடுத்த பாராட்டு சாணிக்குப் போக வேண்டியது என்று இப்போது நினைக்கிறேன்.

ஜூன் 21

எந்த மீன் எதைத் தின்னும் என்று தெரியாமல் தீவனம் பேசுவதில் பயனில்லை.

கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும். நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணிய பூச்சிகளை, அதாவது விலங்கு மிதவை உயிர்களை, செவுளில் வடிகட்டித் தின்னும். அசோலாவைச் சீந்தாது. ரோகு நடுத்தண்ணீரில் திரியும், உதட்டு ஓரம் ஜாலர் வைத்த மாதிரி இருக்கும், எதிலாவது ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னும். அசோலாவை ஏதோ கொஞ்சம் கொறிக்கும். மிர்கால் அடிமட்டம், சேற்றில் மக்கியதைத் தின்னும். இலை, புல், அசோலா என்று பச்சையாகவே விழுங்குவது புல்கெண்டை. ஜிலேபி மீனும் (திலேப்பியா) தின்னும்.

ஆக, கட்லா, ரோகு இரண்டை மட்டும் விட்டு அசோலா போட்டால் அசோலாவைத் தின்ன குளத்தில் ஆளே இருக்காது.

ஜூன் 29

மேட்டூர் 12ஆம் தேதியே திறந்துவிட்டாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து குளம் நிரம்ப இத்தனை நாள் ஆயிற்று. இன்று விரலிகள், அதாவது விரல் நீளக் குஞ்சுகள் விட்டேன். மொத்தம் 1,000: கட்லா 350, ரோகு 350, மிர்கால் 200, புல்கெண்டை 100. பையோடு அரை மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, பிறகுதான் திறந்தேன்.

இந்த வருடம் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதப் போகிறேன். உள்ளே போகிற ஒவ்வொரு கிலோவும் எழுதப்படும்.

ஜூலை 6

தண்ணீரைப் பச்சையாக்குவது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

குஞ்சு விடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே, குளத்தில் இருந்த கொஞ்சத் தண்ணீரில் 400 கிலோ பச்சைச் சாணி போட்டேன். இனி பதினைந்து நாளைக்கு ஒரு முறை 100 கிலோ. சாணியை மீன் நேரடியாகத் தின்பது குறைவு. சாணியின் சத்தில் நுண்பாசி வளரும், பாசியை நுண்பூச்சி தின்னும், நுண்பூச்சியைக் கட்லா தின்னும். இந்தத் தீவனத்தை நாம் அரைக்க வேண்டாம், காய வைக்க வேண்டாம், சுமக்க வேண்டாம்.

போதுமா என்று பார்க்க ஒரு கைக்கணக்கு. கரையில் குனிந்து, உள்ளங்கையை விரித்து முழங்கை வரை தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் அளவு சரி. பளிச்சென்று தெரிந்தால் தண்ணீரில் சாப்பாடு இல்லை. பாதியிலேயே கை மறைந்துவிட்டால் சாணியை நிறுத்துங்கள். காலை பத்து மணிக்கு மேல், வெயில் இருக்கும்போது பாருங்கள். சேறு கலங்கிய தண்ணீரில் இந்தச் சோதனை பலிக்காது. அன்றைக்குக் கை மறைவது சேற்றினால்.

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் நகரத்துக் கழிவுநீரைப் பெரிய பெரிய ஏரிகளில் வெயிலில் தேக்கி, அதில் வளரும் மிதவை உயிர்களைக் கொண்டே பல தலைமுறையாக மீன் வளர்க்கிறார்கள். 2002இல் அந்த ஈரநிலத்துக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. இந்த வித்தையை நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை.

ஜூலை 7 – அவசரம்

இலுப்பைப் புண்ணாக்கு விலை குறைவாகக் கிடைக்கிறது, தவிட்டோடு கலந்து போடலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். போடாதீர்கள்! இலுப்பைப் புண்ணாக்கு மீனைக் கொல்லும். குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் இருக்கும் விரால், கெளுத்தி, களை மீன்களை ஒழிக்கத்தான் அதைப் போடுவது வழக்கம். 50 சென்டில் ஒரு மீட்டர் தண்ணீருக்கு 500 கிலோ கணக்கு. விஷம் தணிய இரண்டு மூன்று வாரம் ஆகும். தணிந்த பிறகு அதுவே நல்ல எரு. குஞ்சு இருக்கும் குளத்துக் கரையில் அந்த மூட்டையை வைக்கவும் வேண்டாம்.

ஆமணக்குப் புண்ணாக்கும் வேண்டாம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் கோசிபால் என்று ஒரு நச்சு இருக்கிறது, கொஞ்சமாகக் கலக்கிறவர்கள் உண்டு, நான் கலப்பதில்லை.

ஜூலை 10

இன்று தேசிய மீன் விவசாயிகள் நாள். 1957இல் இதே தேதியில் ஒடிசாவில் மீன் விஞ்ஞானிகள் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி போட்டுப் பெருங்கெண்டைகளைக் (கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் இந்த இனம்தான்) குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். அதற்கு முன் கெண்டைக் குஞ்சுக்கு ஆற்று வெள்ளத்தில் முட்டை அரிக்கப் போக வேண்டும், அதில் எந்த மீன் குஞ்சு வரும் என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் நான் "கட்லா 350" என்று எண்ணி வாங்கியபோது அவர்கள் இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 25

நாமே கலந்து போடும் கைத்தீவனத்துக்கு வருகிறேன். கடலைப் புண்ணாக்கும் தவிடும் சமபாகம், இது நம் அப்பா காலத்துக் கலவை. புண்ணாக்கில் 40க்கு மேல் புரதம், தவிட்டில் 11, 12. சமமாகக் கலந்தால் 26 வருகிறது. முதல் இரண்டு மாதம், குஞ்சு விரல் அளவில் இருக்கும்போது இது தேவை. அதற்கப்புறம் தவிடு இரண்டு பங்கு, புண்ணாக்கு ஒரு பங்கு என்று இறக்கிவிடலாம். அதில் 22 வரும். மீதியைப் பச்சைத் தண்ணீர் கொடுக்கும்.

எதைக் கலக்கிறோம் என்பதைவிட எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எனக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் வரை உருண்டை பிடித்து மூலையில் எறிவேன். எறிந்ததும் தவிடு பிரிந்து மேலே படலமாக விரியும். காற்று அதை எதிர்க்கரைக்குத் தள்ளும். மாலையில் பார்த்தால் அந்தக் கரையோரம் முழுக்கப் பழுப்பு நுரை. அவ்வளவும் காசு.

இந்த வருடம் ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கம் செய்கிற சாக்கு முறைக்கு மாறிவிட்டேன். பிளாஸ்டிக் சாக்கை நன்றாக அலசிவிட்டு, அடிப்பக்கம் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இரண்டு வரிசை ஓட்டை போட வேண்டும், சுண்டுவிரல் நுழையும் அளவு. இரவே ஊறவைத்த புண்ணாக்கைத் தவிட்டோடு பிசைந்து உள்ளே போட்டு, மூங்கிலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட வேண்டும்.

இப்படி மூன்று சாக்கு கட்டினேன். முதல் மூன்று நாள் ஒன்றுமே நடக்கவில்லை. நாலாம் நாள் காலை ஏழரை மணிக்குக் கரையில் நின்றுகொண்டிருந்தேன். காற்றே இல்லை, ஆனால் கயிறு மட்டும் நடுங்கியது. பிறகு சாக்கு லேசாக ஆடியது. குஞ்சுகள் ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சுகின்றன. தண்ணீர் மேலே ஒரு பருக்கை மிதக்கவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் நானும் அரை மணி நேரம் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன். மிச்சம் இருந்தால் நாளைக்கு அந்த அளவு குறைத்துவிடுவேன். மிதவைத் தீவனத்தில்தான் மீன் தின்பது கண்ணுக்குத் தெரியும் என்பார்கள், அது உண்மைதான். சாக்கிலும் தெரியும், தூக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை 31

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். மூன்று சாக்கு போதாது. பெரிய குஞ்சு சாக்கைச் சுற்றி நின்றுகொண்டு சின்னதை விடுவதில்லை. வீச்சு வலை போட்டுப் பார்த்ததில் ஒரே நாளில் விட்ட ரோகுவில் ஒன்று 60 கிராம், இன்னொன்று 25 கிராம். ஆறு சாக்காக்கி, தள்ளித் தள்ளிக் கட்டிவிட்டேன். தீவனம் அதே அளவுதான்.

ஆகஸ்ட் 27

மிதவைத் தீவனம் ஏன் இப்படி ஏறுகிறது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். காரணம் சோயா. புரதத்துக்காகத் தீவன ஆலைகள் சோயாப் புண்ணாக்கைத்தான் நம்பியிருக்கின்றன, இந்த வருடம் அதன் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போய்விட்டது. கோழிப் பண்ணைக்காரர்களின் கூக்குரலால் மத்திய அரசு இந்த மாதம் மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்திருக்கிறது. அது வந்து சேர்ந்து, விலை இறங்கி, நம் ஊர்க் கடைக்கு வரும்வரை மீன் பட்டினி கிடக்காது. கைவசம் இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 29

கும்பகோணம் அண்ணன் ஒருவர் சூடாகக் கேட்டிருக்கிறார்: "உங்கள் கலவை கிலோ 33 ரூபாய், மிதவைத் தீவனம் 46. வித்தியாசம் 13 ரூபாய். இதற்கா இத்தனை பாடு?"

அண்ணே, தீவனத்தின் கிலோவை எடுத்துக்கொண்டு பார்த்தால் கணக்கு குழம்பும். ஒரு கிலோ மீன் ஏற எவ்வளவு தீவனம் போகிறது என்று பாருங்கள். மிதவைத் தீவனம் ஒழுங்காகப் போட்டால் ஒன்றரை கிலோவில் ஒரு கிலோ மீன். 46 ரூபாய்க்கு 69 ஆகிறது. என் சமபாகக் கலவையை எறிந்து போட்டபோது இரண்டரை கிலோ போயிருக்கும் என்று மதிப்பிடுகிறேன், அப்படியானால் 82 ரூபாய். மலிவான தீவனம் விலை உயர்ந்த மீனைக் கொடுத்திருக்கிறது! சாக்கில் கட்டி, தவிடு இரண்டு பங்கு ஆக்கி, கிலோ 28 ரூபாய்க்கு இறக்கி, 1.7 கிலோவில் ஒரு கிலோ மீன் எடுக்க முடிந்தால் 48 ரூபாய். அந்த 1.7 எனக்கு வருமா என்று இன்னும் தெரியாது. நோட்டு சொல்லும்.

ஆள் வைத்துச் செய்கிறவர்கள், கிஃப்ட் திலேப்பியாவை (வேகமாக வளரும் ஜிலேபி ரகம்) நெருக்கமாக விட்டவர்கள் மிதவைத் தீவனத்தோடே இருப்பது நல்லது. அங்கே பச்சைத் தண்ணீர் அத்தனை வாய்க்கும் போதாது.

செப்டம்பர் 12

கருப்புப் படைவீரன் ஈயின் புழுவை மீனுக்குப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். ஆமாம், போட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் பீப்பாயில் காய்கறிச் சந்தைக் கழிவு, மேலே அட்டைப் பெட்டித் துண்டு. ஈ வந்து அட்டையின் இடுக்கில் முட்டை வைத்துவிட்டுப் போயிற்று. இந்த ஈ நம் சாப்பாட்டில் உட்காராது, வீட்டு ஈ மாதிரி நோய் பரப்பாது. இரண்டு மூன்று வாரத்தில் புழு முற்றிக் கறுத்ததும் தானாகவே சரிவில் ஏறி வெளியே வந்துவிடும். சரிவின் முடிவில் வாளி வைத்தால் வாளியில் விழும். யாரும் பொறுக்கத் தேவையில்லை, அது ஒரு பெரிய வசதி.

பத்துக் கிலோ கழிவுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடப் புழு கிடைத்தது. காய்ந்த புழுவில் 40 சதவீதம் புரதம், கொழுப்பும் 30 வரை. கட்லா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முழுப்புழு அதன் வாய்க்குரிய இரை இல்லை. காய வைத்து இடித்துக் கலவையில் சேர்த்தால் போகிறது. ஆனால் தொட்டியில் விரால் வளர்க்கும் என் சினேகிதருக்கு ஒரு வாளி கொடுத்தேன். கொட்டிய இடத்தில் தண்ணீர் கொதித்தது. விரால்காரர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். கெண்டைக்காரர்களுக்கு உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

செப்டம்பர் 13

"கோழிக் கடைக் கழிவு இலவசமாகவே கிடைக்கிறதே" என்று எழுதியவருக்கு: வேண்டாம் சார். அதைத் தின்று வளர்வதற்கென்றே ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடுகிறார்கள், அந்த மீனை நம் நாட்டில் வளர்க்கத் தடை இருக்கிறது. வெள்ளத்தில் கரை உடைந்து அது ஆற்றுக்குள் போனால் நம் நாட்டு மீன் எதையும் விட்டுவைக்காது. டெல்டாவில் கரை உடையாத வருடம் உண்டா? போதாததற்கு, அழுகிய குடல் போட்ட குளத்து மீனை நம் பிள்ளைகளுக்குக் குழம்பு வைத்துக் கொடுப்போமா என்று யோசியுங்கள்.

அக்டோபர் 17

புண்ணாக்கு மூட்டையின் அடிப்பக்கம் சிமெண்டுத் தரையில் ஈரம் ஏறியிருக்கிறது. பிரித்ததும் முகத்தில் புழுதி மாதிரி கிளம்பியது. உடைத்துப் பார்த்தால் வில்லைகளின் நடுவில் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம். நாலு வில்லைதானே, கழுவி, வேகவைத்துப் போடலாமே என்று அப்பா சொன்னார். கூடாது. கடலைப் புண்ணாக்கில் பிடிக்கும் இந்தப் பூஞ்சணம் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சை விட்டுவைக்கும், அது வேகவைத்தாலும் போகாது. மீனுக்கு ஈரல் கெடும். மாட்டுக்கும் போடக்கூடாது, பாலில் வரும். மொத்தம் 11 கிலோவைக் குழி தோண்டிப் புதைத்தேன். நோட்டில் நட்டக் கணக்கில் எழுதியாயிற்று.

இப்போது பலகை போட்டு அதன் மேல்தான் மூட்டை. மழைக்காலம் முடியும்வரை பத்து நாளைக்கு உண்டான சரக்குக்கு மேல் வாங்குவதில்லை. தவிடும் அப்படித்தான். எண்ணெய் எடுக்காத தவிடு அரைத்த நாளிலிருந்தே சிக்கு வாடை பிடிக்க ஆரம்பிக்கும். கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நவம்பர் 11

நேற்று விடியற்காலை 41 கட்லா செத்து மிதந்தது.

தீபாவளி முடிந்ததிலிருந்து வெயிலே இல்லை. வானம் மூடியே கிடந்து விடாத மழை. நான்கு நாளும் வழக்கம்போல் சாக்கு கட்டினேன். போதாக்குறைக்கு 6ஆம் தேதி சாணி போடும் முறை, அதையும் போட்டேன். நேற்று நாலரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது குளம் முழுக்க வாய். மேலே வந்து காற்றைக் குடிக்கின்றன. டீசல் எஞ்சினைக் கிளப்பிக் குளத்துத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து விசிறி அடித்தோம். ஏழு மணிக்கு மற்றவை இறங்கிவிட்டன. கட்லாதான் முதலில் சாகும், மூச்சுக்குறைவை அது தாங்காது. ஒவ்வொன்றும் 400 கிராம் இருக்கும். வரிசையாகக் கரையில் அடுக்கி எண்ணினேன்.

இன்னும் எழுத வரவில்லை. நாளைக்கு.

நவம்பர் 12

ஜூலை 6ஆம் தேதி "பதினைந்து நாளைக்கு ஒரு முறை 100 கிலோ சாணி" என்று காலண்டர் மாதிரி எழுதியிருக்கிறேன். அதைப் படித்து அப்படியே செய்கிறவர்கள் தயவுசெய்து இதையும் படியுங்கள்.

பகலில் வெயில் இருந்தால் பச்சைத் தண்ணீர் மூச்சுக்காற்றைத் தரும். இரவில் அதே பாசி மூச்சுக்காற்றைத் தின்னும். நாலு நாள் வெயில் இல்லாவிட்டால் வரவு இல்லை, செலவு மட்டும் ஓடுகிறது. சாணி மக்குவதற்கும் மூச்சுக்காற்று வேண்டும். மீந்த தீவனம் அழுகுவதற்கும் வேண்டும். தின்ற மீனுக்குச் செரிக்கக் கூடுதலாக வேண்டும். எல்லாமாகச் சேர்ந்து விடியற்காலையில் குளம் காலியாகிவிடுகிறது.

வானம் மூடியிருந்தால் முதல் நாள் பாதித் தீவனம், இரண்டாம் நாளிலிருந்து ஒன்றுமே வேண்டாம். சாணியைத் தொடவே கூடாது. கெண்டை ஒரு வாரம் சும்மா கிடந்தால் சாகாது. காலண்டரைப் பார்க்காதீர்கள், முழங்கையையும் வானத்தையும் பாருங்கள். தம்பி, உங்கள் குட்டை ஆழமானது, கரை உயரமானது, காற்று பட இடமும் குறைவு. நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

நவம்பர் 13

தம்பி போன் செய்தார். அவர் 7ஆம் தேதியே தீவனத்தை நிறுத்திவிட்டாராம். அவர் அம்மா, "மழையில நமக்கே பசிக்கல, மீனுக்கு மட்டும் பசிக்குமா" என்று சொன்னாராம். ஒரு மீன்கூடச் சாகவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

டிசம்பர் 19

ஆத்தூர் வாசகர் சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பி பற்றிக் கேட்டார். மரவள்ளி அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை. அவர் பக்கம் லாரி லாரியாகக் கிடைக்கும். அதில் மாவுச்சத்துதான், புரதம் பேருக்குத்தான் இருக்கிறது. தவிட்டில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் திப்பி சேர்க்கலாம். புண்ணாக்கைக் குறைத்துச் சேர்த்தால் மீன் தலை பெருத்து உடல் ஒட்டிப்போகும். நன்றாகக் காய்ந்ததை மட்டும் வாங்குங்கள். கிழங்குத் தோல் கலந்தது வேண்டாம், தோலில்தான் சயனைடு அதிகம். கொஞ்சம் திப்பியைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பிசைந்தால் கலவை கரையாமல் பிடித்துக்கொள்ளும். இது அவர் சொல்லி நான் கற்றுக்கொண்டது.

டிசம்பர் 26

சாக்கு கட்ட நட்ட மூங்கிலில் ஒன்றை இன்று மாற்ற வேண்டி வந்தது. பிடுங்கித் தோளில் போடும்போது கை வழுக்கியது. பார்த்தால் தண்ணீருக்குள் இருந்த பாகம் முழுக்கப் பழுப்பும் பச்சையுமாக வெல்வெட்டு மாதிரி பாசி படிந்திருக்கிறது, அதில் அங்கங்கே நகத்தால் கீறின மாதிரி சுரண்டிய தடம். ரோகு. நான் ஊறவைத்துப் பிசைந்து கட்டிய சாக்குக்குப் பக்கத்திலேயே அது தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொண்டிருக்கிறது.

வங்கதேசத்தில் குளத்துக்குள் மூங்கில் கழிகளை நெருக்கமாக நட்டு இதையே ஒரு முறையாகச் செய்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் காயலுக்குள் மரக்கிளைகளைக் குத்தி வைப்பார்கள். பண்ணைத் தோட்டத்தில் முற்றி விழுந்த மூங்கில் எங்களிடம் நிறைய. 60 கழி நட்டிருக்கிறேன். வலை இழுக்கும்போது பிடுங்க வேண்டும், அது ஒரு தொல்லை. இரவில் வலை வீசித் திருடுகிறவர்களுக்கும் அதே தொல்லைதான், அது லாபம்.

ஜனவரி 17, 2022

பொங்கலுக்கு ஒரு இழுப்பு இழுத்தோம். 180 கிலோ. கரையிலேயே விற்றுவிட்டது. புல்கெண்டை சில ஒன்றரைக் கிலோ தொட்டிருக்கிறது, அதற்கு நான் ஒரு பிடி புண்ணாக்கு தனியாகப் போட்டதில்லை. வரப்புப் புல், வாழை இலை, கோ-4 தீவனப்புல், அப்புறம் அசோலா. மிதக்கும் மூங்கில் சட்டத்துக்குள் போட்டுவிடுவேன். ஒரு கிலோ மீனுக்கு முப்பது நாற்பது கிலோ புல் போகும், ஆனால் அது போடும் கழிவே மறுபடி குளத்துக்கு எரு.

மார்ச் 27

குளத்தை இறைத்தாயிற்று. இரண்டாவது அறுவடை 430 கிலோ, பொங்கலோடு சேர்த்து 610. உயிரோடு கிடைத்தது 720 மீன் சுமார்.

நோட்டின்படி உள்ளே போன கலவை 1,060 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு 1.74. ஆகஸ்டில் எதிர்பார்த்த 1.7க்குச் சற்று மேலே. முதல் இரண்டு மாதச் சமபாகக் கலவையையும் சேர்த்து, கலவை சராசரி கிலோ 29 ரூபாய். ஒரு கிலோ மீனுக்குத் தீவனச் செலவு 50 ரூபாய். அந்த 41 கட்லா இருந்திருந்தால் இன்னும் இறங்கியிருக்கும். சாணிக்கும் என் உழைப்புக்கும் கூலி போடவில்லை. போட்டால் வித்தியாசம் குறையும், மாடு இல்லாதவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மிதவைத் தீவனம் போட்ட பக்கத்துக் குளத்துக்காரர் எனக்கு ஒரு மாதம் முன்னாலேயே அறுவடை முடித்துவிட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 30

தம்பி கேட்டிருக்கிறார்: "அந்த அசோலா தொட்டி ஐந்தையும் கலைத்துவிட்டீர்களா அண்ணே?"

இரண்டைக் கலைத்துவிட்டேன். மூன்று இருக்கிறது. காலையில் ஒரு கூடை மாட்டுக்கு, அரைக் கூடை கோழிக்கு, மீதி புல்கெண்டைக்கு. உங்களுக்கு விதை அசோலா வேண்டுமென்றால் ஒரு பை ஈரத்தோடு கட்டி வைக்கிறேன், இந்தப் பக்கம் வரும்போது எடுத்துப் போங்கள். வரும்போது நீங்கள் எழுதிய கணக்கு நோட்டையும் கொண்டு வாருங்கள், உங்கள் குட்டையில் எவ்வளவு விழுந்தது என்று உட்கார்ந்து பார்ப்போம்.